தூங்குபவன், தூக்கப்பட்டவன்

டாரட் கட்டின் 12ஆம் சீட்டுக்குத் தமிழில் ஒரு பெயர் வைக்க முயன்று பாருங்கள். படம் எளிமையானது. ஒரு மனிதன் ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குகிறான். மற்றக் கால் முழங்காலில் மடிந்து குறுக்கே கிடக்கிறது. ஆங்கிலத்தில் அவன் 'ஹாங்ட் மான்'. 'தூக்கிலிடப்பட்டவன்' என்று சொன்னால் நம் மனம் உடனே கழுத்தில் கயிற்றைப் போட்டுவிடுகிறது. 'தொங்கும் மனிதன்' என்றால் அவன் தானாகப் போய்த் தொங்கியது போல இருக்கிறது. பழந்தமிழில் 'தூங்கு' என்ற சொல் உண்டு. அதற்குத் தொங்குதல், உறங்குதல் என்ற இரு பொருளும் உண்டு. வானில் தொங்கிய கோட்டைகளைச் சங்கப் புலவர்கள் தூங்கெயில் என்றார்கள். அந்தச் சொல்லின் பிறவினைதான் 'தூக்கு'. தூங்குகிறவன் தானே தூங்குகிறான். தூக்கப்பட்டவனுக்குப் பின்னால் தூக்கியவர் ஒருவர் இருந்தாக வேண்டும். மெல்லினம் வல்லினமாகும் அந்த ஓர் எழுத்தில் ஒரு நீதிபதியோ ஓர் ஊரோ வாக்கியத்துக்குள் நுழைந்துவிடுகிறது.

கிட்டத்தட்ட 570 ஆண்டுகளில், கட்டுக்குக் கட்டு மாறி வந்த இந்தச் சீட்டில் நடந்தது இதுதான்: தூக்கப்பட்டவன் மெல்ல மெல்லத் தூங்குபவன் ஆனான். கயிற்றைக் கட்டியவர் படத்திலிருந்து வெளியேறிவிட்டார். அவர் எப்போது, யார் கையால் வெளியேற்றப்பட்டார் என்பதைப் பார்ப்பது நமக்கு வெறும் கலை வரலாறு அல்ல என்று நினைக்கிறேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நம் பிள்ளைகளில் பலரிடம் இப்போது ஒரு டாரட் கட்டு இருக்கிறது. சட்டன் ஹை ஸ்ட்ரீட்டில் புத்தகக் கடைக்குப் போனால் அதற்கென்று தனித் தட்டே உண்டு. அம்மா சாதகக் குறிப்பை எடுக்கும் நேரத்தில் மகள் சீட்டைக் குலுக்குகிறாள். இதில் பதறுவதற்கு ஒன்றுமில்லை. கிளி ஜோசியக்காரரின் அட்டையில் முருகனோடும் விநாயகரோடும் மாதாவும் யேசுவும் ஒரே அடுக்கில் இருந்ததைப் பார்த்து வளர்ந்த சமூகம்தான் நாம். (லண்டனின் தென்மேற்குப் புறநகர் மரங்களெல்லாம் இப்போது பச்சைக்கிளி. சீட்டெடுத்துக் கொடுக்கத்தான் ஒன்றும் முன்வருவதில்லை.) என் குறை அந்தக் கட்டுகளோடு வரும் சிறு கையேடுகள் மீதுதான். 12ஆம் சீட்டுக்கு எதிரே அவை எழுதுவது ஏறத்தாழ ஒன்றே: காத்திருப்பு, சரணடைதல், தியாகம், புதிய பார்வை. கொஞ்சம் படித்த கையேடென்றால், பழைய கட்டுகளில் துரோகம் என்ற பொருளும் இருந்தது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளும். அடுக்கடுக்காகப் பொருள் சேர்ந்து சீட்டு செழித்துவிட்டது என்பது அதன் தொனி.

தகவல் தொழில்நுட்பத்தில் ஒரு நிறுவனத்தின் தரவைப் பழைய கட்டமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலை செய்தவர்களுக்கு இந்த இடத்தில் முடி கூச்செறியும். நிரலின் பெயர் அதே, உள்ளே இருக்கும் எழுத்தும் அதே 'எஸ்'. பழையதில் அதற்கு 'இடைநிறுத்தப்பட்டது' என்று பொருள், புதியதில் 'தீர்க்கப்பட்டது'. இரண்டையும் 'செழுமையான பொருள் அடுக்குகள்' என்று எந்த வாடிக்கையாளரிடமும் சொல்ல முடியாது. ஒன்று மற்றதை அழித்துவிட்டது. அவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். டாரட் குறி சொல்லப் பிறந்ததல்ல. 15ஆம் நூற்றாண்டின் வட இத்தாலியில் அது ஒரு சீட்டாட்டம். நான்கு இனச் சீட்டுகளோடு, அவற்றையெல்லாம் வெட்டக்கூடிய படச் சீட்டுகள் ஒரு தொகுதி. அவற்றுக்கு 'ட்ரியோன்ஃபி' என்று பெயர், வெற்றி ஊர்வலங்கள் என்று பொருள். போர்த்துக்கேயர் வாயில் அது 'ட்ரூன்ஃபோ'. யாழ்ப்பாணத்தில் 304 அடித்தவர்களுக்கு மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. வீறுக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று ஓரினத்துக்கு 76, நாலினத்துக்கு 304 என்று எண்ணி, கவிழ்த்து வைத்துவிட்டு, எதிராளி கேட்கும்வரை காட்டாமல் வைத்திருக்கும் அந்தத் துரும்பு, மிலான் அரண்மனையின் ட்ரியோன்ஃபிக்குத் தூரத்துச் சொந்தம். ஒலியைக் கேட்டாலே உறவு தெரியும். ஆக, 12ஆம் சீட்டு முதலில் ஒரு துரும்பு. 11ஐ வெட்டும், 13இடம் தோற்கும். குறி சொல்லும் வேலை அதற்கு 18ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது.

நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தொங்கும் மனிதர்களில் ஒருவர், மிலான் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸாவின் குடும்பத்துக்காக 1450களில் வரையப்பட்ட கட்டில் இருக்கிறார். போனிஃபாசியோ பெம்போவின் கைவண்ணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது. 78இல் 74 சீட்டுகள் எஞ்சியுள்ளன. அவை நியூயோர்க்கின் மோர்கன் நூலகத்திலும் இத்தாலியின் பெர்காமோவிலுமாகச் சிதறிக் கிடக்கின்றன. பொற்தகட்டுப் பின்னணியில் ஓர் இளைஞன். இரு கம்பம், ஒரு குறுக்குச் சட்டம். கைகள் முதுகுக்குப் பின்னால். முகத்தில் சலனமில்லை. சீட்டில் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. அந்தக் காலத்தில் ஆடியவர்களுக்குப் பெயர் எழுதிக் காட்டத் தேவையிருக்கவில்லை. பழைய இத்தாலியப் பட்டியல்களில் இந்தச் சீட்டின் பெயர்களில் ஒன்று 'இல் த்ராதித்தோரே'. துரோகி.

துரோகி ஏன் ஒற்றைக் காலில் தொங்க வேண்டும்? இதற்கான விடையில்தான் இந்தச் சீட்டின் உயிர் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டு தொடக்கம் இத்தாலிய நகரங்களில் அவமான ஓவியம் என்றொரு தண்டனை இருந்தது. அரசைக் காட்டிக்கொடுத்தவர், கடனைக் கட்டாமல் ஓடியவர், எதிரியோடு சேர்ந்தவர் ஆகியோரை நகரமன்றச் சுவரில், ஊர் பார்க்க, தலைகீழாகத் தொங்குவதாக வரைவார்கள். 1440இல் ஃபுளோரன்ஸின் எதிரிகளோடு சேர்ந்த அல்பிட்ஸி குடும்பத்துக் கலகக்காரர்களை அப்படி வரைந்தவர் அந்திரேயா தெல் காஸ்தான்யோ. அதற்குப் பிறகு அவர் பெயரே 'தூக்கிலிடப்பட்டோரின் அந்திரேயா' என்றாகிவிட்டது. 1478இல் மெதிச்சி சகோதரர்களைக் கொல்ல முயன்ற பாட்ஸி சதிகாரர்களை வரைந்தது வேறு யாருமல்ல, பொத்திச்செல்லி. வீனஸை வரைந்த அதே கை. பிடிபட்டுக் கொல்லப்பட்டவர்களை அவர் கழுத்தில் தொங்கவிட்டார். தப்பியோடிவிட்ட நெப்போலியோனே ஃபிரான்செசியை ஒற்றைக் காலில் தொங்கவிட்டார். 1494இல் மெதிச்சிகளே துரத்தப்பட்டபோது அந்தச் சுவரோவியங்கள் அழிக்கப்பட்டன. சுவர் அதேதான், சுவரின் சொந்தக்காரர் மாறிவிட்டார்.

இதிலிருந்து ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவமான ஓவியம் பெரும்பாலும் கைக்கு எட்டாதவர்களுக்குரியது. உடல் கிடைத்தால் உடலையே தொங்கவிடலாமே. உடல் வேறு தேசத்துக்குப் போய்விட்டதனால்தான் படம் தொங்குகிறது. டாரட்டின் 12ஆம் சீட்டில் இருப்பவர், மூலத்தில், ஊரைவிட்டுப் போனவர். புலம்பெயர்ந்தவரின் உருவப்படம் என்று சொன்னால் மிகையாகாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த மிலான் கோமகனின் தந்தை முட்சியோ அத்தெந்தோலோ ஸ்ஃபோர்ஸா கூலிப்படைத் தளபதி. 1412இல் அவர் போப்பாண்டவர் பதவிக்கு உரிமை கோரிய 23ஆம் ஜானின் பக்கத்திலிருந்து நேப்பிள்ஸ் அரசனின் பக்கம் தாவினார். உடனே ரோம் நகரில் அவரை ஒற்றைக் காலில் தொங்கும் துரோகியாக வரைந்து வைத்தார்கள். நாற்பது ஆண்டு கழித்து அதே குடும்பம் பொற்தகட்டில் சீட்டுக்கட்டு வரைவித்து ஆடும்போது, 12ஆம் துரும்பு கைக்கு வரும் ஒவ்வொரு முறையும் என்ன நினைத்திருப்பார்கள்? கெர்ட்ரூட் மோக்லி என்ற நியூயோர்க் நூலகர் 1966இல் எழுதிய நூலில் இந்தத் தொடர்பை எடுத்துக் காட்டினார். டாரட் பற்றி வெளிவந்த நூற்றுக்கணக்கான புத்தகங்களில் மறைபொருளைத் தேடாமல் மனிதர்களைத் தேடிய மிகச் சில நூல்களில் அது ஒன்று.

இனி முகத்தை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். முகம் எல்லாக் கட்டிலும் அமைதியாகத்தான் இருக்கிறது, அதனால் ஏமாற்றும். மிலானில் கைகள் பின்னால். பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும், 'ஆறாம் சார்ல்ஸ்' என்று தவறாகப் பெயர்பெற்ற 15ஆம் நூற்றாண்டுக் கட்டில், தொங்குபவர் இரு கையிலும் பணப்பைகளைப் பிடித்திருக்கிறார். யூதாஸ் நினைவுக்கு வராமல் இராது. அங்கே ஐயத்துக்கு இடமில்லை. பிற்காலத்து மார்செய்ல் கட்டுகளில் - நிக்கொலா கோன்வெர் 1760இல் வெளியிட்டது புகழ்பெற்றது - கைகள் மீண்டும் முதுகுக்குப் பின்னால். கம்பங்களோ கிளை தறித்த இரண்டு மரங்கள். 'தூக்கப்பட்டவன்' என்று பிரெஞ்சில் பெயர் அச்சாகியிருக்கிறது.

பிறகு படித்தவர்கள் வந்தார்கள். 1781இல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுப் பண்டிதர், டாரட் பழைய எகிப்தின் ஞான நூல் என்று அறிவித்தார். எகிப்திய எழுத்தை அப்போது உலகில் ஒருவராலும் வாசிக்க முடியாது என்பது அவருக்குப் பெரிய வசதி. ஆனால் எகிப்திய ஞானத்தில் ஒரு துரோகி ஏன் தொங்குகிறார்? அவர் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது: சீட்டு அச்சடித்தவன் தவறுதலாகத் தலைகீழாகப் போட்டுவிட்டான்! சீட்டைத் திருப்பிப் பாருங்கள், ஒரு காலை ஊன்றி, அடுத்த காலை எங்கே வைக்கலாம் என்று யோசிக்கும் மனிதர். இது விவேகம் என்னும் நற்பண்பு. அவரைத் தொடர்ந்து எத்தேயா தன் கட்டில் அந்தச் சீட்டை விவேகமாகவே மாற்றிவிட்டார். கயிற்றைக் கட்டியவர் யார் என்ற கேள்வி இப்படி முதன்முறை அழிந்தது. இது பொய்தான், ஆனாலும் வெளிப்படையான பொய். சீட்டைத் திருப்பினேன் என்று சொல்லிவிட்டே திருப்பினார்கள்.

1909 டிசம்பரில் லண்டனில் வில்லியம் ரைடர் அண்ட் சன் வெளியிட்ட கட்டு வேறு விதமான வேலை செய்தது. இன்று உலகில் 'டாரட்' என்று சொன்னால் பெரும்பாலோர் மனதில் தோன்றும் படங்கள் அதனுடையவைதான். திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெயிட்டுடையது, வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். லண்டனில் 1878இல் பிறந்து, சிறுவயதின் ஒரு பகுதியை ஜமேக்காவில் கழித்து, அங்கே கேட்ட அனன்சிக் கதைகளை 1899இல் நூலாக்கியவர். இருவரும் கோல்டன் டோன் என்ற மறைஞானச் சபை வழியாகச் சந்தித்தவர்கள். எண்பது ஓவியத்துக்குக் கிடைத்தது சொற்பக் காசு என்று அவரே ஒரு கடிதத்தில் குறைப்பட்டிருக்கிறார். கட்டுக்கு நிலைத்த பெயர் பதிப்பாளரும் வெயிட்டும் சேர்ந்த 'ரைடர்-வெயிட்'. வரைந்தவரின் பெயர் பல பத்தாண்டுகள் அதில் ஒட்டவே இல்லை. 1951இல் கோர்ன்வாலில் இறந்தார்.

அந்தக் கட்டின் 12ஆம் சீட்டில் தூக்குமரம் உயிர்மரமாகிவிட்டது. மார்செய்லில் கிளை தறித்த மரங்கள் நின்ற இடத்தில் 'டி' வடிவச் சிலுவையொன்று, அதில் இலை துளிர்த்திருக்கிறது. தலையைச் சுற்றி ஒளிவட்டம். வெயிட் தன் நூலில் விளக்குகிறார்: முகத்தில் துன்பமில்லை, ஆழ்ந்த பரவசமே தெரிகிறது, இது மரணத்தையல்ல, நிறுத்திவைக்கப்பட்ட உயிரைக் காட்டுகிறது. முன்னோர் சொன்ன பொருள்களையெல்லாம், விவேகம் உட்பட, வெறுமை என்று ஒதுக்கிவிடுகிறார். தூக்கப்பட்டவன் முழுவதும் தூங்குபவன் ஆகிவிட்டான். இலை துளிர்த்த மரத்தில், பரவசத்தோடு, தானே விரும்பி. துரோகி தியாகியாகிவிட்டார்.

இந்த இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்தவுடன் நம்மில் எவருக்கும் சீட்டுக்கட்டு மறந்துபோகும். துரோகி, தியாகி. நம் காலத்து அரசியல் அகராதியின் இரண்டு துரும்புகள் இவை. 1980களின் நடுவில் யாழ்ப்பாணத்துச் சந்திகளில் மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போன தலைமுறை ஒன்று இன்று லண்டனில் பேரப்பிள்ளை காணும் வயதுக்கு வந்துவிட்டது. உடலோடு ஓர் அட்டை இருக்கும், குற்றம் எழுதிய அட்டை. மிலான் சீட்டைப் போல அல்ல, பெயர் அச்சாகியிருக்கும். செய்தது ஓர் இயக்கம் மட்டுமல்ல. பார்த்தது ஊர் முழுவதும். 1986இல் இயக்கங்களே இயக்கங்களால் தடைசெய்யப்பட்டபோது, நேற்றுவரை போராளியாக இருந்தவர்கள் ஓர் இரவில் துரோகிகளாகி, உயிர் தப்பியவர்கள் இங்கேயும் பாரிஸுக்கும் ஒஸ்லோவுக்கும் ரொறன்ரோவுக்கும் வந்தார்கள். ஐரோப்பாவில் வெளிவந்த நம் சிறுபத்திரிகைகள் பலவற்றைத் தொடங்கியவர்களும் எழுதியவர்களும் ஒற்றைக் காலில் தொங்கவிடப்பட்டவர்கள்தாம். உடல் கிடைக்காததால் பெயரைத் தொங்கவிட்டார்கள். சில வேளை உடலையும் தேடி வந்தார்கள். 1994 மே 1இல் சபாலிங்கம் சுடப்பட்டது பாரிஸில், அவருடைய வீட்டில்.

சுவரின் சொந்தக்காரர் மாறும்போது சீட்டும் மாறுவதை நாமும் பார்த்திருக்கிறோம். யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயில் வாசலில் சுடப்பட்டார். ஒரு கட்டில் அந்தச் சீட்டுக்குத் துரோகி என்று பெயர், அந்தக் கொலையிலிருந்து ஒரு வரலாறு எண்ணப்படுகிறது. யாழ்ப்பாண நகரின் விளையாட்டரங்கு இன்றும் துரையப்பா அரங்குதான். 1989 செப்டம்பர் 21இல் சுடப்பட்ட ராஜனி திராணகம, 'முறிந்த பனை'யை எழுதியவர்களில் ஒருவர். அவருக்கு இப்போது நினைவுக்கூட்டங்கள் நடக்கின்றன. நடக்கட்டும். அந்தக் கூட்டங்களிலும் 'அவர் தன் உயிரை அர்ப்பணித்தார்' என்று யாராவது சொல்லும்போது எனக்கு வெயிட்டின் ஒளிவட்டம் நினைவுக்கு வந்துவிடுகிறது. அவர் உயிரை அர்ப்பணிக்கவில்லை. சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரிடமிருந்து அதைப் பறித்தார்கள். துரோகி என்ற அட்டையைக் கழற்றிவிட்டுத் தியாகி என்ற அட்டையை மாட்டும்போது நீதி கிடைத்தது போலத் தோன்றும். ஆனால் இரண்டு அட்டையிலும் சுட்டவர் பெயர் இல்லை. தியாகம் என்ற சொல் செத்தவரை எழுவாயாக்கிவிடுகிறது. கொன்றவருக்கு வாக்கியத்தில் இடமே தேவைப்படுவதில்லை. ஓர் உருவத்தை இழிவுபடுத்துவது ஒரு வன்முறை என்றால், அதே உருவத்தைப் புனிதப்படுத்துவதும் சில வேளை அந்த வன்முறையின் தடயத்தைத் துடைக்கும் வேலைதான்.

தொங்குதலைப் புனிதமாகப் பார்க்கவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்குக் காவடி எடுப்பவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு வெயிட் சொல்லும் பரவசம் புதியதல்ல. முதுகுத் தோலில் கொக்கி, மேலே மரத்துலா, கீழே பறை. அந்த முகத்தில் துன்பம் தெரியாது. அது உண்மையாகவே தூங்குபவரின் சீட்டு. நேர்த்தி அவருடையது, நாள் குறித்ததும் அவர். கொக்கி போட்டவரையும் எல்லோருக்கும் தெரியும், ஊரில் அவர் பெயர் போனவர். எதுவும் மறைக்கப்படவில்லை.

இன்னும் நல்ல உதாரணம் காத்தவராயன் கூத்து. ஆரியமாலைமீது காதல் கொண்டதற்காகச் சாதி மீறியவனைக் கழுவேற்றச் சொல்கிறான் அரசன். கழுவேறுவது அவனுக்குச் சிவன் முன்பே இட்ட விதி. அவனே விரும்பியும் ஏறுகிறான். பிறகு தெய்வமாகிறான். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் விடியவிடிய உட்கார்ந்து சனம் காத்திருப்பது அந்தக் கழுமரக் கட்டத்துக்குத்தான். தூக்கப்பட்டவனும் தூங்குபவனும் அங்கே ஒரே உடலில் இருக்கிறார்கள். ஆனால் கூத்து அரசனை மேடையிலிருந்து இறக்கிவிடவில்லை, அவன் தீர்ப்பைச் சொல்லாமல் விடவில்லை, தீர்ப்புக்குக் காரணம் சாதி என்பதையும் மறைக்கவில்லை. தண்டிக்கப்பட்டவனைத் தெய்வமாக்க வேண்டுமென்றால் இப்படித்தான் ஆக்க வேண்டும். நாட்டுக்கூத்துக்காரர்களுக்குத் தெரிந்த இந்த நேர்மை லண்டன் மறைஞானிக்குத் தெரியவில்லை.

ஆனால் ஓவியருக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்க இடமிருக்கிறது. ஸ்மித்தின் சீட்டில் கைகளைப் பாருங்கள். ஒளிவட்டம் போட்டார், இலை வரைந்தார், வெயிட் கேட்டபடி கால்களை ஸ்வஸ்திகா வடிவில் மடித்தார். கைகளை மட்டும் முதுகுக்குப் பின்னாலேயே விட்டுவிட்டார். பரவசத்தில் இருக்கும் ஞானிக்குக் கைகள் ஏன் பின்னால்? கூப்பியிருக்கலாம், விரித்திருக்கலாம், வேண்டிய இடம் சீட்டில் இருக்கிறது. கட்டப்பட்டிருக்கின்றனவா என்று தெரியாதபடி, கட்டப்பட்டிருக்கலாம் என்று சந்தேகம் வரும்படி வைத்திருக்கிறார். பழைய கட்டைப் பார்த்து அப்படியே பிரதி செய்தார் என்று ஒருவர் சொல்லலாம். இருக்கட்டும். தனக்குக் கிடைத்த மரபில் எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர், எதை மாற்றாமல் விட்டார் என்பதும் வாசிப்புக்குரியதுதான். அந்தச் சீட்டில் கைதியின் கடைசித் தடயம் அந்த இரண்டு முழங்கைகள்.

அடுத்து வந்தவர்கள் அதையும் அவிழ்த்துவிட்டார்கள். அலெய்ஸ்டர் குரோலிக்காக ஃபிரீடா ஹாரிஸ் 1938க்கும் 1943க்கும் இடையில் வரைந்த தோத் கட்டில், எகிப்தின் ஆன்க் சிலுவையிலிருந்து தொங்கும் உருவத்தின் கைகள் இருபுறமும் விரிந்து ஒரு முக்கோணமாகிவிட்டன. அழகான வடிவியல். இந்த உடலுக்கு ஊர் இல்லை, உற்றார் இல்லை. இதில் ஒரு நகைமுரண்: தியாகம் என்ற கருத்தே இயற்கையைத் தவறாகப் புரிந்துகொண்டது என்று 1944இல் தன் நூலில் எழுதியவரும் குரோலிதான். வெயிட்டுக்கு நான் சொல்ல விரும்பியதை அவர் பாதி சொல்லிவிட்டார். மறுபாதியான கயிற்றுக்காரரைப் பற்றி அவருக்கும் அக்கறையில்லை. அந்த ஓவியங்கள் இப்போது புளூம்ஸ்பரியில் வார்பர்க் நிறுவனத்தில் இருக்கின்றன. சட்டனில் தேம்ஸ்லிங்க் ஏறி செயின்ட் பாங்க்ரஸில் இறங்கினால் நடந்து போகும் தூரம். 2025இன் தொடக்கத்தில் அங்கே நடந்த டாரட் கண்காட்சியிலும் அவை இடம்பெற்றன. அந்த நூலகமே 1933இல் நாஜிகளுக்குத் தப்பி ஹாம்பர்க்கிலிருந்து கப்பலேறி லண்டனுக்கு அகதியாக வந்தது.

எலியட்டைச் சொல்லாமல் விட்டால் இலக்கியக்காரர்கள் கோபிப்பார்கள். 1922இல் வெளிவந்த 'தி வேஸ்ட் லாண்ட்' நெடுங்கவிதையில் குறிசொல்லும் பெண்ணின் கட்டில் இந்தச் சீட்டு மட்டும் தட்டுப்படுவதில்லை. தனக்கு டாரட் கட்டின் அமைப்பு சரியாகத் தெரியாது என்று குறிப்பில் ஒப்புக்கொண்ட எலியட், ஃபிரேசர் எழுதிய பலியிடப்படும் தெய்வத்தோடு அதை இணைத்துக்கொண்டார். வெயிட் போட்ட பாதைதான். ஆனால் சீட்டைக் காணவில்லை என்று வைத்தாரே, அது கவிஞனின் உள்ளுணர்வு. ஒற்றைக் காலில் தொங்குபவர் எப்போதுமே அங்கில்லாதவர்தான்.

அண்மைக் காலத்துக் கட்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். விற்பனையில் கொடிகட்டிப் பறக்கும் கிம் கிரான்ஸின் 'தி வைல்ட் அன்நோன்' கட்டில் 12ஆம் சீட்டு ஒரு வௌவால். சீட்டு நேர்த்தியாக இருக்கிறது, கறுப்பு மையில் நல்ல கோடுகள். வௌவால் தலைகீழாகத் தொங்குவது அதன் இயல்பு. வௌவால் வீட்டுக்கு விருந்து போனால் நாமும் தொங்க வேண்டியதுதான் என்று ஊரில் சொல்வார்களே, அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான். கயிறு இல்லை, கம்பம் இல்லை, தீர்ப்பும் இல்லை. துரோகியிலிருந்து தியாகிக்கும், தியாகியிலிருந்து விலங்கியலுக்கும் வந்து சேர்ந்துவிட்டோம். இதை வைத்துக் குறி பார்க்கும் பிள்ளைக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பக்கத்தில் மார்செய்ல் கட்டு ஒன்றும் வைத்துக்கொள், இந்தச் சீட்டு வரும்போது அதையும் எடுத்துப் பார்.

வெயிட்டுக்கே திரும்பினால், அவருடைய நூலின் பின்பகுதியில் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. ஒவ்வொரு சீட்டுக்கும் குறிசொல்வதற்கான பொருள்களைப் பட்டியலிடுகிறார், நேராக வந்தால் இன்னது, தலைகீழாக வந்தால் இன்னது என்று. 12ஆம் சீட்டு நேராக வந்தால் ஞானம், விவேகம், சோதனை, தியாகம், தீர்க்கதரிசனம். மேலே வெறுமை என்று ஒதுக்கிய விவேகம் இங்கே சத்தமில்லாமல் உள்ளே வந்துவிட்டதைக் கவனியுங்கள். சீட்டு தலைகீழாக, அதாவது தொங்குபவர் நேராக நிற்கும்படி, வந்தால் அவர் தரும் பொருள் மூன்றே மூன்று: சுயநலம், கும்பல், அரசியல் சமுதாயம். முதலாவது புரிகிறது, தியாகத்தின் எதிர்ப்பதம். மற்ற இரண்டும் எங்கிருந்து வந்தன என்று அவர் ஒரு வரி விளக்கம்கூடத் தரவில்லை. படத்தில் ஒற்றை ஆள்தான் இருக்கிறார்.